வலிக்காத காலும் நுரைக்கிற சிறுநீரும்: மலையகத்துச் சீனி வியாதிக்காரர்களுக்கு நரம்பு, கிட்னி வழிகாட்டி

அம்மாவின் கால் கருகியதை முதலில் கண்டுபிடித்தது பக்கத்துக் காம்பரா (லயத்து அறை) அக்காதான். ஜனவரி மாதம். நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படிகிற காலம். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம்) போகும் முன் அடுப்படியில் கால்களை நீட்டிக் குளிர் காய்வது அம்மாவுக்கு நாற்பது வருடப் பழக்கம். தேங்காய் கேட்க வந்த அக்கா, "என்னா அத்தை, தோலு தீயிற வாடை அடிக்குது" என்றார். குனிந்து பார்த்தால் பெருவிரலின் அடியில் கொப்புளம் கட்டி வெடித்திருக்கிறது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வலியே வரவில்லை.

அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆனது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் போவதும் தெரிந்தது. ஏழு வருடமாக மாத்திரை சாப்பிட்டவர், மாதம் தவறாமல் கிளினிக் போனவர். அந்த ஏழு வருடத்தில் ஒருவரும் அவர் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நான் டொக்டர் இல்லை. அம்மாவோடு கிளினிக் வரிசையில் பல வருடம் நின்று, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எந்தப் பரிசோதனையைக் கேட்பது, எதைப் பார்த்தால் ஓடுவது, எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் நம் கையில் இருக்கிற விஷயங்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

இரத்தத்தில் சீனி வருடக்கணக்காகக் கூடியே இருந்தால் மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் கெடும். நரம்புக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் இந்த மெல்லிய குழாய்தான், கிட்னிக்குள் இரத்தத்தை வடிப்பதும் இதே ஜாதிக் குழாய்தான். நரம்பின் மேல் சீனி நேரடியாகவும் வேலை செய்கிறது. உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவது. அதனால் முதல் அடி பாதத்தில் விழும். விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். முழங்காலை நெருங்கும்போது கைவிரலிலும் மரமரப்பு தொடங்கும்.

ஒவ்வொரு கிட்னியிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் வடிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லீட்டர் அளவு திரவத்தை வடித்து, தேவையானதை எல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டு, மிச்சம் ஒன்றரை இரண்டு லீட்டரைத்தான் சிறுநீராக விடுகின்றன. வடியின் கண் பெரிதானால் அல்புமின் என்ற புரதம் கசிய ஆரம்பிக்கும். அந்தக் கசிவுக்கு வலி கிடையாது, வீக்கம் கிடையாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, சோறு பிடிக்காமல் போகும்போது கிட்னியில் பெரும்பகுதி போயிருக்கும்.

இரண்டும் சத்தமில்லாமல் வருவதால் நாம்தான் போய்த் தேட வேண்டும். வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலில் எரிச்சலோடு வருகிறவர் டொக்டரிடம் போய்விடுவார். மரத்துப்போன காலோடு இருப்பவர் கொழுந்து மலைக்குப் போய்விடுவார். இரண்டாமவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

படி 1: சொந்தக் கொப்பி ஒன்று போடுங்கள்

கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஆங்கிலம், அதிலும் டொக்டர் கையெழுத்து. சொல்லப்படுவது பல இடங்களில் சிங்களம். ஒரு பேரை (ஒரு நாள் சம்பளத்தை) இழந்து, பஸ்ஸுக்குக் காசு போட்டு, விடியற்காலையிலிருந்து காத்திருந்து, கடைசியில் இரண்டு நிமிடத்தில் மாத்திரைத் துண்டோடு வெளியே வருகிறவர்களுக்குத் தங்கள் எண்கள் என்னவென்றே தெரியாது. எனக்கு இதுதான் மிகவும் மனவருத்தம்.

ஆகவே ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி வாங்கி, தேதி போட்டு ஆறு விஷயங்களைத் தமிழில் எழுதுங்கள்: வெறும் வயிற்றுச் சீனி, எச்பிஏ1சி, பிரஷர், கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு), இஜிஎஃப்ஆர் (கிட்னி வேலை செய்யும் அளவு), சிறுநீர் அல்புமின். கூடவே பாதம் பார்த்த தேதி, கண் பார்த்த தேதி. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள், பொறுப்பாகச் செய்யும்.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரிக் கணக்கு. கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. பலருக்கும் 7 சதவீதத்துக்குக் கீழே இருப்பது இலக்கு. வயது போனவர்கள், அடிக்கடி சீனி இறங்கி மயங்குகிறவர்களுக்கு டொக்டர் கொஞ்சம் தளர்த்தி வைப்பார். இந்த எண்ணைக் குறைப்பதால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு: 1993ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், இன்சுலினைக் கவனமாகப் போட்டுச் சீனியைக் கட்டுப்படுத்திய முதலாம் வகை நோயாளிகளுக்கு நரம்புக் கோளாறு சுமார் 60 சதவீதம் குறைந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கிற இரண்டாம் வகையில் நரம்புக்கான பலன் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் கிட்னியும் கண்ணும் பிழைக்கின்றன.

படி 2: பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

இரண்டாம் வகை சீனி வியாதி என்று தெரிந்த நாளிலேயே பாதமும் சோதிக்கப்பட வேண்டும், அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையாவது. முதலாம் வகைக்கு ஐந்து வருடம் கழித்துத் தொடங்கலாம். கிளினிக்கில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலோன் இழையால் பாதத்தின் பல இடங்களில் தொடுவார்கள். அது 10 கிராம் அழுத்தத்தில் வளையும். அந்தத் தொடுகை தெரியாவிட்டால் காப்பு உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். அதிர்கிற இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்தும் பார்ப்பார்கள். "மிஸ், என் காலையும் ஒருக்கா பாத்துருங்க" என்று நர்ஸிடம் சொல்லி நீங்களாகவே செருப்பைக் கழற்றி வைத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. எந்தச் சாமானும் தேவையில்லை.

நோயாளியைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். எது வலது, எது இடது என்று முதலில் அந்தந்தக் காலைத் தொட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று இரண்டு பாதத்திலும் மொத்தம் ஆறு விரல் நுனிகளை வரிசை மாற்றி மாற்றித் தொடுங்கள். ஓர் இறகு படுவதுபோல, ஒன்று இரண்டு செக்கன் மட்டும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தெரிந்தவுடன் "வலது", "இடது" என்று சொல்ல வேண்டும். தவறவிட்டால் அதே விரலை மறுபடி தொட வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது. கொப்பியில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அம்மாவுக்கு நான் முதல் தடவை செய்தபோது ஆறில் ஐந்து தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "எப்ப தொடப்போற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கால் மரத்தால் எல்லாம் சீனியால்தான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். சீனி மாத்திரையான மெட்போர்மினைப் பல வருடம் சாப்பிட்டால் விட்டமின் பி12 குறையலாம், அதுவும் காலை மரக்கச் செய்யும். அது ஊசி, மாத்திரையால் சரிசெய்யக்கூடியது என்பதால் கேட்டுப் பார்ப்பது அவசியம். தைரொயிட் குறைவு, கசிப்பு, சாராயம் ஆகியவையும் நரம்பைக் கெடுக்கும். ஒரு கால் மட்டும் மரப்பது, கைகால் திடீரென்று பலமிழப்பது போன்றவை வேறு நோயாக இருக்கலாம்.

படி 3: சிறுநீரும் இரத்தமும், இரண்டும் வேண்டும்

"கிட்னி டெஸ்ட் எடுத்தாச்சு, நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்பார்கள். விசாரித்தால் கிரியேட்டினின் மட்டும் எடுத்திருப்பார்கள். அது பாதிக் கதைதான்.

சிறுநீரில் கேட்க வேண்டியது அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. 30க்கும் 300க்கும் நடுவில் என்றால் வடி கசியத் தொடங்கிவிட்டது. 300க்கு மேல் என்றால் கசிவு பலமாக இருக்கிறது. சாதாரணமாகச் சிறுநீரில் பட்டையை முக்கிப் பார்க்கிற பரிசோதனை இந்த ஆரம்பக் கசிவைத் தவறவிடலாம். சிறுநீர் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி நுரைத்து, நுரை அடங்காமல் நின்றால் அதையும் சொல்லுங்கள். ஆனால் நுரை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

காலையில் எழுந்து முதலில் போகிற சிறுநீரைக் கொடுங்கள். இது நம் ஆட்களுக்கு முக்கியம். உடம்பை வருத்தி வேலை செய்த பிறகு அல்புமின் தற்காலிகமாகக் கூடும், மேட்டுமலையில் நாள் முழுக்கக் கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்கிய சாயங்காலம் எடுத்தால் கணக்குப் பிசகும். காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, மாதவிடாய் நாட்களிலும் வேண்டாம். ஒரு தடவை கூடியிருந்தால் பதற வேண்டியதில்லை. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கிற மூன்று பரிசோதனையில் இரண்டிலாவது கூடியிருந்தால்தான் நோய் உறுதி.

இரத்தத்தில் கிரியேட்டினினைப் பார்த்து, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து இஜிஎஃப்ஆர் கணக்கிடுவார்கள். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இந்த எண்தான் சொல்லும். கிரியேட்டினின் எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 30 வயது ஆணுக்கு டெசிலீட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்றால் இஜிஎஃப்ஆர் 83 வாக்கில் வரும். 60 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் 52தான். ஒரே எண், ஆனால் அந்த அம்மாவுக்குக் கிட்னி ஏற்கெனவே குறைந்திருக்கிறது. சில ஆய்வுகூடங்கள் கிரியேட்டினினை மைக்ரோமோலில் போடுவார்கள். அப்போது 88 என்பது நாம் சொல்கிற 1. அம்மாவின் துண்டில் 106 என்று பார்த்துவிட்டு நான் ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை. அது அந்த 1.2தான்.

இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாட்பட்ட கிட்னி நோய். 30க்குக் கீழே போனால் கட்டாயம் கிட்னி நிபுணர் பார்க்க வேண்டும். 15க்குக் கீழே கடைசிக் கட்டம்.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் கிட்னி நோய் என்றாலே அநுராதபுரம், பொலன்னறுவை ஞாபகம்தான் வரும். அங்கே விவசாயிகளிடம் காணப்படுகிற, காரணம் உறுதியாகத் தெரியாத கிட்னி நோய் வேறு. "நம்ம தண்ணி ஊற்றுத் தண்ணி, நமக்கு வராது" என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். சீனியாலும் பிரஷராலும் வருகிற கிட்னி நோய்க்கு மலை, சமவெளி என்ற கணக்கில்லை.

படி 4: எரிச்சலுக்கும் குத்தலுக்கும் மருந்து

இரவு படுத்ததும் பாதம் எரிவது, ஊசி குத்துவது, கரண்ட் அடிப்பது, போர்வை பட்டாலே தாங்காமல் போவது எல்லாம் நரம்பு வலி. இதற்குப் பரசிட்டமோல் பெரிதாக உதவாது. நரம்புக்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன.

அமிட்ரிப்டிலின் பழைய, விலை குறைந்த மருந்து. 10 மில்லிகிராம் போன்ற சின்ன அளவில் இரவில் தொடங்குவார்கள். தூக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் கட்டுதல் வரலாம். இதய நோய், ஒருவகைக் கண் அழுத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிரகாபலின், கபாபென்டின் இரண்டும் ஒரே குடும்பம், தலைசுற்றலும் கால் வீக்கமும் தரலாம். கிட்னி குறைந்தவர்களுக்கு இவற்றின் அளவையும் குறைத்தே கொடுக்க வேண்டும். ஆகவே எழுதித் தருகிறவரிடம் உங்கள் இஜிஎஃப்ஆர் எண்ணைச் சொல்லுங்கள். டுலொக்ஸெட்டின் இன்னொரு வழி. இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இருந்தால் அது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. 2022ல் வந்த ஓர் ஆய்வு அமிட்ரிப்டிலின், டுலொக்ஸெட்டின், பிரகாபலின் மூன்றையும் ஒப்பிட்டது. வலியைக் குறைப்பதில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்று போதாமல் இன்னொன்றைச் சேர்த்தால் மேலும் குறைகிறது என்று கண்டது. எனவே விலை குறைந்ததைத் தந்தார்கள் என்று மனம் நோக வேண்டாம்.

மேலே பூசுகிற மருந்தில் மிளகாய்க் காரத்திலிருந்து எடுத்த கப்சைசின் களிம்பு உண்டு. புண் இருக்கும் இடத்தில் பூசக்கூடாது. பூசிய கையால் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். எதுவும் சரிவராத கடும் வலிக்கு முதுகெலும்பருகே மின்தூண்டல் கருவி பொருத்துகிற சிகிச்சை வெளிநாடுகளில் வந்திருக்கிறது. செலவு மிகப் பெரிது.

இவையெல்லாம் வலியைக் குறைக்கும், கெட்ட நரம்பைத் திருப்பித் தராது. பாதியாகக் குறைந்து தூக்கம் வந்தாலே அது நல்ல வெற்றி. பலன் தெரிய சில வாரம் ஆகும், நாலு நாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடவும் வேண்டாம். பிரகாபலின் நம் நாட்டில் போதைக்காகவும் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது, வீட்டில் இளவட்டங்கள் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

தூக்கம் தருகிற மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு லயத்தில் ஒரு தனி ஆபத்து: கக்கூஸ் வெளியே இருக்கிறது, படி ஈரமாக இருக்கிறது, இருட்டு. இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை ஆட்டி, அப்புறம் எழும்புங்கள். உள்ளுறுப்பு நரம்பு கெட்டவர்களுக்கு எழுந்தவுடன் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

அந்த உள்ளுறுப்பு நரம்புகளைப் பற்றிச் சுருக்கமாக: கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து வாந்தி வருவது, இரவில் வயிற்றுப்போக்கு, சிறுநீர் முழுதாகப் போகாதது, ஆண்களுக்கு விறைப்பு வராமல் போவது எல்லாம் இதில் வரும். கடைசியில் சொன்னதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அதற்கு மருந்து இருக்கிறது, டொக்டரிடம் சொல்லலாம். மாரடைப்புகூட வலி இல்லாமல் வரலாம். சீனி வியாதிக்காரருக்குக் காரணமில்லாமல் மூச்சு முட்டி, வியர்த்து, சோர்ந்து விழுந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

படி 5: பாதத்தைத் தினமும் பாருங்கள்

மரத்த காலுக்கு மருந்தைவிடக் கண்தான் பாதுகாப்பு. இரவில் கை கால் கழுவிய பிறகு இரண்டு பாதத்தையும், விரலிடுக்கையும், அடிப்பாகத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பிள்ளைகள் பார்க்கட்டும். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, நகத்தோரம் சீழ், முள், எதுவானாலும் அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

குளிர் காய்வதை நிறுத்தச் சொன்னால் மலையில் யாரும் கேட்கமாட்டார்கள். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், கால் வேண்டாம். கம்பளிச் சாக்ஸ் போடுங்கள். சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலுக்கு வைத்துப் படுக்க வேண்டாம். கால் கழுவ வெந்நீர் விளாவினால் முழங்கையை விட்டு சூடு பாருங்கள். கையும் மரத்திருந்தால் வீட்டில் இன்னொருவர் பார்க்கட்டும்.

அட்டை கடிப்பது நமக்குப் பெரிய விஷயமில்லைதான். ஆனால் உணர்வில்லாத காலில் கடித்த அட்டை வயிறு நிறைந்து விழுந்த பிறகுகூடத் தெரியாது. கடிவாயைச் சொறிந்தால் புண்ணாகும். மலையிலிருந்து இறங்கியதும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, கடிவாயைப் பாருங்கள். அதன் மேல் சுண்ணாம்பு, புகையிலை, மஞ்சள் எதையும் வைத்துக் கட்டாதீர்கள். சுண்ணாம்பு சுடுவதுகூட அந்தக் காலுக்குத் தெரியாது.

செருப்பில்லாமல் வாசலுக்குக்கூட இறங்க வேண்டாம். மழைக்குப் பூட்ஸ் போடுகிறவர்கள் போடும் முன் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். கல், குச்சி, சில நேரம் பூரான்கூட இருக்கும். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். துடைத்துக் காயவிடுங்கள். தேங்காய் எண்ணெய் குதிகாலுக்கு நல்லது, விரலிடுக்கில் தடவக்கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணிக்காலைப் பிளேடால் சீவ வேண்டாம். சப்பாத்து வாங்குவதானால் கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு பாதம் மட்டும் திடீரென்று சிவந்து, வீங்கி, மற்றக் காலைவிடச் சூடாக இருந்து, வலி குறைவாக இருந்தால் உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். புண் கறுத்தாலும், நாற்றம் வந்தாலும், சிவப்பு மேலே ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படியே. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொண்டு ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருந்தவர்களில் விரலை, காலை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

படி 6: கிட்னியைக் காக்கும் மருந்துகள்

நம்பிக்கை தருகிற பகுதி இதுதான். முப்பது வருடத்துக்கு முன்பு அல்புமின் போகிறது என்றால் செய்ய அதிகமில்லை. இன்று வேகத்தைக் குறைக்க நாலு வகை மருந்து இருக்கிறது.

முதலாவது எனலாபிரில், கப்டோபிரில் வகை, அல்லது லொசார்டன் வகை. கப்டோபிரில் கிட்னியைக் காக்கிறது என்று 1993லும், லொசார்டன் காக்கிறது என்று 2001லும் ஆய்வுகள் காட்டின. பிரஷர் மாத்திரை என்றுதான் நமக்குச் சொல்வார்கள். "எனக்குப் பிரஷர் சரியாயிட்டு" என்று பலர் இதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். வடிக்குள் இருக்கிற அழுத்தத்தைக் குறைத்துப் புரதக் கசிவைத் தடுப்பது இதன் வேலை, சரியானது போலத் தெரிந்தாலும் விடக்கூடாது. தொடங்கி ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள். எனலாபிரிலில் வறட்டு இருமல் வந்தால் லொசார்டனுக்கு மாற்றுவார்கள். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே ஆகாது.

இரண்டாவது எம்பாகிளிப்ளோசின், டபாகிளிப்ளோசின் வகை. சீனியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். இந்தக் குடும்பத்து மருந்தொன்றைக் கொடுத்துப் பார்த்த 2019 ஆய்வில், கிட்னி செயலிழப்பு போன்ற கடும் விளைவுகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. பிற்பாடு வந்த பெரிய ஆய்வுகளும் அதையே சொல்லின. இஜிஎஃப்ஆர் 20 வரை குறைந்தவர்களுக்கும் தொடங்கலாம். என் கருத்தில், மெட்போர்மினுக்கு அடுத்து டொக்டரிடம் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டிய மருந்து இதுதான். மறைவிடத்தில் பூஞ்சை அரிப்பு வரலாம், சுத்தமாக வைத்திருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி, சத்திரசிகிச்சை நேரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். காலில் ஆறாத புண் இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள்.

மூன்றாவது பினெரினோன் என்ற மாத்திரை, 2020ல் பலன் நிரூபிக்கப்பட்டது. நாலாவது வாரம் ஒரு தடவை போடுகிற செமாகுளுடைட் ஊசி. 2024 ஆய்வில் கடும் கிட்னி விளைவுகளை 24 சதவீதம் குறைத்தது. இரண்டும் விலை கூடியவை, நம் குடும்பங்களுக்கு எட்டுவது கஷ்டம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியே வாங்கச் சொல்வது எல்லாருக்கும் பழகிவிட்டது. அப்படி எழுதித் தந்தால் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் முதலில் விலை கேளுங்கள், மலிவான இன்னொரு தயாரிப்பு உண்டா என்றும் கேளுங்கள். காசில்லாமல் ஒரு மருந்தை விட்டுவிட்டால் டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

பிரஷர் 130க்கு 80க்குக் கீழே இருப்பது பலருக்கும் இலக்கு. சீனிக்கு நிகராக இதுவும் கிட்னியைத் தீர்மானிக்கும். கொழுப்புக்கான ஸ்டேடின் மாத்திரையும் பெரும்பாலும் தருவார்கள், இருதயத்துக்காக. பீடி, சிகரெட் நரம்பு, கிட்னி இரண்டையும் கெடுக்கும்.

படி 7: கிட்னிக்கு நாமே செய்யும் கெடுதலை நிறுத்துங்கள்

இடுப்புவலி, முழங்கால்வலி இல்லாத கொழுந்துக்காரரை நான் பார்த்ததில்லை. கடையில் ஒரு அட்டை டைக்ளோபெனாக் வாங்கி, நாளுக்கு இரண்டு போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போகிறார்கள். டைக்ளோபெனாக், ஐபுபுரோஃபன் போன்றவை கிட்னிக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். லொசார்டனும் நீர் மாத்திரையும் (சிறுநீர் கூடப் போகச் செய்வது) சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் சில நாட்களில்கூடக் கிட்னி நின்றுபோகலாம். வலிக்குப் பரசிட்டமோல், ஒத்தடம், பூசு மருந்து என்று டொக்டரிடம் வழி கேளுங்கள்.

சீனிக்கு நல்லது என்று யாரோ சொல்லி, காமரங்கா (நட்சத்திரப்பழம்), பிலிங் (பிலிம்பி) காய்களைச் சாறு பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள். இந்தச் சாறுகளில் ஒக்சலேற் மிக அதிகம், அது கிட்னிக்குள் படிகமாகப் படியும். இப்படிச் சாறு குடித்து கிட்னி செயலிழந்தவர்களை இலங்கை மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே கிட்னி குறைந்தவருக்குக் காமரங்கா மூளையையும் தாக்கும்: விடாத விக்கல், குழப்பம், வலிப்பு. ஒரு துண்டுகூட வேண்டாம். கோதல ஹிம்புட்டு, தேபு இலை போன்ற நாட்டு மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் அதை டொக்டரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரையோடு சேர்ந்து சீனி அளவுக்கு மீறி இறங்கலாம்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து தண்ணீர் நிற்காத நாளில் மெட்போர்மின், எம்பாகிளிப்ளோசின், லொசார்டன், நீர் மாத்திரை இவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். எதை நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை நல்லா இருக்கும்போதே கிளினிக்கில் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 8: சாப்பாடு

தேத்தண்ணி கெடுதல் இல்லை, அதில் போகிற சீனிதான். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் ஏறத்தாழ 60 கிராம். ஒரே நாளில் விட முடியாதவர்கள் வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். கோதுமை மா ரொட்டி மூன்றைச் சம்பலோடு சாப்பிடுகிற இடத்தில் ஒரு ரொட்டி, பருப்பு, நிறையக் கீரை, ஒரு முட்டை என்று மாற்றலாம்.

உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு மட்டத் தேக்கரண்டி, அவ்வளவுதான். நம் உப்பு பெரும்பாலும் கருவாடு, நெத்தலி, சூப் கட்டியிலிருந்து வருகிறது. கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் கொஞ்சம் குறையும்.

பொட்டாசியம் கூடியிருக்கிறது என்று இரத்தப் பரிசோதனை சொன்னால் மட்டும் அடுத்த கட்டுப்பாடு: உருளைக்கிழங்கையும் காய்கறியையும் வெட்டி அவித்துத் தண்ணீரை ஊற்றிவிடுவது, வாழைப்பழம், செவ்விளநீரைக் குறைப்பது. "குறைந்த சோடியம்" என்று விற்கிற உப்பில் பொட்டாசியம்தான் இருக்கும், அது வேண்டாம். பரிசோதனை இல்லாமலே பயந்து கீரையும் பருப்பும் முட்டையும் விட்டு எலும்பும் தோலுமாகிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். கிட்னி குறைந்தவருக்கு எடைக் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் தேவை. 50 கிலோ ஆளுக்கு 40 கிராம். அது நம் சாப்பாட்டுக்குச் சின்ன அளவில்லை.

படி 9: சீனி தானாகக் குறைந்தால்

பல வருடம் 200க்கு மேல் இருந்த சீனி, உணவு மாறாமல், மருந்து கூடாமல், தானாக 90, 80 என்று இறங்க ஆரம்பித்தால் சந்தோஷப்படாமல் கிட்னியைப் பாருங்கள். இன்சுலினை உடம்பிலிருந்து அகற்றுவதில் கிட்னிக்கும் பங்குண்டு. அது நலிந்தால் இன்சுலின் நெடுநேரம் தங்கும், மாத்திரையும் தங்கும். முக்கியமாகக் கிளிபென்கிளமைட் என்ற பழைய மாத்திரை கிட்னி குறைந்தவரை இரவில் மயக்கத்தில் ஆழ்த்திவிடும், அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். மெட்போர்மினை இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே குறைப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்துவார்கள். வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 1990க்கு அழையுங்கள்.

படி 10: கடைசிக் கட்டத்துக்கு முன்பே தயாராவது

இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனவுடன் டயலிசிஸ் (கிட்னிக்குப் பதிலாக இரத்தத்தைச் சுத்தப்படுத்துவது) தேவையில்லை. பலர் வருடக்கணக்கில் மருந்தோடு இருக்கிறார்கள். ஆனால் பேச்சைத் தொடங்க வேண்டிய நேரம் அதுதான். இரத்த டயலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் வாக்கில். மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருந்து கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ வாரம் மூன்று பயணம் என்றால் குடும்பத்தில் இன்னொருவருடைய பேரும் போகும். இடம் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். வயிற்றுக்குள் குழாய் வைத்து வீட்டிலேயே செய்கிற டயலிசிஸும் உண்டு. சுத்தமான ஒரு மூலையும் கை சுத்தமும் அதற்கு அவசியம், ஒற்றைக் காம்பராவில் அடுப்புப் புகையோடு வாழ்கிற குடும்பத்துக்கு அது சுலபமில்லை. பொருந்துகிற உறவினர் இருந்து உடம்பும் இடம் கொடுத்தால் மாற்றுக் கிட்னிதான் நல்ல வழி. வயதும் வேறு நோயும் கூடியவர்களுக்கு டயலிசிஸ் வேண்டாம், வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று முடிவெடுப்பதும் ஒரு சிகிச்சைதான். அந்த முடிவை நோயாளியிடம் கேட்டு எடுங்கள், அவர் இல்லாத இடத்தில் பேசித் தீர்க்காதீர்கள்.

கடைசியாக, யாரும் எங்களுக்கு நேரத்தோடு சொல்லாத ஒரு விஷயம். இரத்த டயலிசிஸுக்குக் கையில் ஒரு நல்ல நரம்பு வேண்டும், அதாவது நாம் நரம்பு என்று சொல்கிற இரத்தக் குழாய். பெரும்பாலும் அதிகம் புழங்காத கையில், மாதங்களுக்கு முன்பே சின்னச் சத்திரசிகிச்சை செய்து தயார்படுத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கையிலேயே இரத்தம் எடுத்து, சேலைன் ஏற்றிக் குழாயைக் கெடுத்துவிட்டால் பிறகு கஷ்டம். அம்மாவுக்கு இப்போது இஜிஎஃப்ஆர் 27. அவருடைய கிளினிக் கொப்பியின் முன்னட்டையில், "இடது கையில் ஊசி போட வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, மழையில் அழியாமல் டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். இரத்தம் எடுக்க மிஸ் வந்ததும் அம்மா ஒன்றும் பேசமாட்டார், அட்டையை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு வலது கையை நீட்டுவார்.